வெள்ளைத்தாளுக்கு இருபத்திரண்டு பாராட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குள் கடைவாய் பத்தொன்பது பேரைப் பாராட்டி முடித்திருந்தாள். இன்னும் மூன்று பேர் மிச்சம். ஒரு கையில் டீ, ஒரு கையில் போன்.

கடைவாய் என்பது அவள் வலைப்பூவின் பெயர். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட வேண்டும். வாரத்துக்குப் பதினான்கு வாய். வேலை போக மிச்ச நேரத்தில் அந்தப் பற்களையே வரைவாள். டம்ளரில் கிடக்கும் பல். ஜன்னலோரம் காயும் பல். துணியில் சுற்றிய பல்.

"உலகத்துல வேற எதுவுமே உன் கண்ணுல படலையா?" என்று கணவன் ஒருநாள் கேட்டான்.

யோசித்துப் பார்த்தாள். படவில்லை.

வரைந்ததைத் திங்கள்தோறும் வலைப்பூவில் போடுவாள். இப்படித் திங்கள்தோறும் போடுகிறவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஊரும் பெயரும் கேட்பதில்லை என்று ஒரு வழக்கம். ரொட்டி என்பவர் அடுமனை வைத்திருந்தார். பிசைந்த மாவைத்தான் வரைவார், பார்த்தால் மலைத்தொடர் மாதிரி இருக்கும். ஊசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காத்திருக்கிறவர்களின் கால்களை மட்டும் வரைவாள். கிளார்க்கு அலுவலகக் காகிதங்களின் ஓரத்தில் பூனை வரைவார். தாழ்ப்பாள் என்று ஒருவர். அவர் வரைவது கதவு, அதுவும் மூடிய கதவு. நான்கு வருடத்தில் இருநூற்று எட்டுக் கதவுகள். தாழ்ப்பாள் ஆணா பெண்ணா, என்ன வேலை என்பது யாருக்கும் தெரியாது.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். செவ்வாய் முடிவதற்குள் மற்ற எல்லார் படத்துக்கும் பின்னூட்டம் போட்டுவிட வேண்டும். மூன்று தடவை தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். நான்கு பேராக இருந்தபோது போட்ட சட்டம். அப்போது மூன்று படங்கள். ஆற அமரப் பார்க்கலாம். இப்போது இருபத்திரண்டு.

ஆகவே கடைவாய் போனில் ஒரு கோப்பு வைத்திருந்தாள். அதன் பெயர் ‘பாராட்டு’. உள்ளே ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட வரிகள். நான்காம் எண்: ‘ஒளியும் நிழலும் கொஞ்சி விளையாடுகின்றன.’ ஏழாம் எண்: ‘ஒவ்வொரு கோட்டிலும் உயிர்! இன்னும் இன்னும் எதிர்பார்க்கிறோம்.’ போன வாரம் ஒருவருக்குப் போட்டதை இந்த வாரமும் அவருக்கே போட்டுவிடக் கூடாது. அதற்கென்று ஒரு அட்டவணை எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்க்காமல் அவள் யாரையும் பாராட்டியதில்லை.

இருபதாவதாகத் தாழ்ப்பாள். அட்டவணைப்படி ஏழு. ஒட்டினாள், அனுப்பினாள்.

தோளுக்குப் பின்னால் நாத்தனார் நின்றிருந்தாள். ஒரு கம்பெனியின் புகார் பிரிவில் நாள் முழுக்கப் போன் எடுக்கிறவள். வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணியின் டீயில் பாதியைக் குடித்துவிட்டுப் போவது அவள் வழக்கம்.

"யாருக்கு அண்ணி இது? ஒவ்வொரு கோட்டிலும் உயிர்?"

"தாழ்ப்பாளுக்கு."

"கோடு எங்க?"

"என்ன கோடு எங்க?"

"படத்துல கோடே இல்லையே."

கடைவாய் அப்போதுதான் படத்தைப் பார்த்தாள். வெள்ளைத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. கீழே சின்ன எழுத்தில் மூன்று வரிகள்.

‘இந்த வாரம் கதவு இல்லை. இனியும் இருக்காது. நான்கு வருடம் யாரும் கவனிக்காமல் வரைந்தது போதும் என்று தோன்றுகிறது.’

அதற்குக் கீழே: ‘ஒவ்வொரு கோட்டிலும் உயிர்! இன்னும் இன்னும் எதிர்பார்க்கிறோம்.’

கடைவாய் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எடுங்க அண்ணி, எடுங்க, எடுங்க!"

எடுக்க வழியில்லை. ஒருமுறை போட்டால் போட்டதுதான். வலைப்பூவின் சொந்தக்காரர் மட்டுமே அழிக்கலாம். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மேலே தள்ளிப் பார்த்தாள். ரொட்டி: ‘உங்கள் வண்ணத் தேர்வு வழக்கம்போல மயக்குகிறது.’ ஊசி: மூன்று பூக்கள், ஒரு கைதட்டல். கிளார்க்கு: ‘அருமை அருமை அருமை.’ இன்னொருவர், ‘இந்தக் கதவைத் திறந்து உள்ளே போக ஆசையாக இருக்கிறது.’

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத."

"அண்ணி, நானும் தினம் நூறு பேர்கிட்ட ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’னு சொல்றேன். ஆனா நான் சம்பளத்துக்குச் சொல்றேன். நீங்க எல்லாரும் சும்மாவே சொல்றீங்களே!"

மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து வெள்ளைத்தாளைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கணக்குச் சரியாக இருபத்திரண்டு.

கூடத்தில் அன்று கடைவாய்க்குக் கை ஓடவில்லை. உண்மையைச் சொன்னால், வெட்கத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. தாழ்ப்பாளின் பின்னூட்டங்கள் அவளுக்குப் பிடித்ததில்லை. மற்றவர்கள் புகழ்ந்து தள்ளும் இடத்தில் அவர் வந்து, ‘மேல்வரிசையில் மூன்றாவது பல்லின் நிழல் எதிர்ப்பக்கம் விழுகிறது. விளக்கு எங்கே இருக்கிறது?’ என்று கேட்பார். அடுத்த வாரம், ‘விளக்கு மறுபடி இடம் மாறிவிட்டது.’ அதற்கடுத்த வாரம், ‘இந்த டம்ளருக்கு நிழலே இல்லை. டம்ளர் நலமா?’ நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் இல்லை. வீட்டில் அவருக்கு வேறு பெயர்: நிழல் இன்ஸ்பெக்டர்.

மதியம் போன் வந்தது. தெரியாத எண்.

"கடைவாயா?"

"ஆமா. யாரு?"

"ரொட்டி பேசறேன். உங்க வலைப்பூவுல எண் இருந்துச்சு."

"ஐயோ, ரொட்டியா! சொல்லுங்க ரொட்டி."

எதிர் மேஜையில் பல்லுக்கு மெருகு போடும் பெரியவர் கையை நிறுத்தினார். அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "யாரும்மா போன்ல?" என்றார்.

"ரொட்டி."

"ரொட்டி போன் பண்ணுதா?"

"ஆமாங்க. ரொம்ப வருத்தமா இருக்காரு."

பெரியவர் மறுபடி மெருகு போட ஆரம்பித்தார். இந்தக் கூடத்தில் மெழுகுப் புகை அதிகம் என்று அவர் பலமுறை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்.

ரொட்டி சொன்ன யோசனைப்படி இருபத்திரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். ‘போகாதீர்கள், நீங்கள் இல்லாமல் கூட்டம் இல்லை.’ ஒருவர் எழுதியதை எடுத்து மற்றவர் போட்டார். கிளார்க்கு, தான் ‘அருமை’ என்றது ஓய்வெடுக்கும் முடிவைத்தான் என்று விளக்கம் எழுதி, அதற்கு ஊசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தாழ்ப்பாளிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை.

அடுத்த திங்கள் கடைவாய் ஒரு கீழ்த்தாடை வரைந்து போட்டாள். முந்தின வாரமே பென்சிலில் போட்டு வைத்தது. செவ்வாய்க்குள் இருபத்தொரு பாராட்டு வந்துவிட்டது. ‘தத்ரூபம்.’ ‘கடித்துவிடுமோ என்று பயந்தேன்!’ ‘துல்லியத்துக்கு இன்னொரு பெயர் கடைவாய்.’ அவள் படித்துக்கொண்டே வந்தாள். முடிந்த பிறகும் கட்டைவிரல் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. யாருடையதைத் தேடுகிறாள் என்று சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது.

படத்தைத் தானே ஒருமுறை பார்த்தாள். பிறகு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

பல்செட்டில் ஒரு தாடைக்குப் பதினான்கு பல். அவள் பதினைந்து வரைந்திருந்தாள்.

பத்து வருடமாகப் பல் நடுகிறவள் ஒரு பல்லை அதிகமாக வரைந்திருக்கிறாள். இருபத்தொரு பேர் துல்லியம் என்கிறார்கள். தாழ்ப்பாள் இருந்திருந்தால் எண்ணியிருப்பார். ‘இந்த வாயில் கூட்டம் அதிகம்’ என்று எழுதியிருப்பார். இனி அவள் வாய்க்கு நாற்பது பல் வரைந்தாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது. சப்பென்றாகிவிட்டது. அன்று அவள் பென்சிலைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை.

"பல்லு எங்க அண்ணி, ஒண்ணையும் காணோம்?" என்றாள் நாத்தனார்.

"வரையப் பிடிக்கல. யாருக்காக வரையறது?"

"அதான் இருபத்தொரு பேரு இருக்காங்களே."

"அவங்க பாக்கறதில்ல. நானும்தான் பாக்கறதில்ல."

நாத்தனார் உட்கார்ந்தாள். டீயை எடுக்கவில்லை, விஷயம் பெரிதுதான்.

"எங்க ஆபீஸ்ல கோவமா ஒருத்தர் போன் பண்ணா, ‘மன்னிக்கவும்’னு சொல்லக் கூடாதுன்னு சொல்லித் தருவாங்க. அதைக் கேட்டா இன்னும் கோவம் வரும். ‘உங்க வீட்டு மிஷின் துணியக் கிழிக்குதுன்னு சொன்னீங்களே, எந்தத் துணி?’ன்னு கேக்கணும். எந்தத் துணின்னு கேட்டவுடனே ஆளு அடங்கிடுவாரு. நீங்க அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட எந்தக் கதவுன்னு கேட்டீங்களா?"

கடைவாய் கேட்டதில்லை. ஒரு கதவையாவது நினைவுக்குக் கொண்டுவர முயன்றாள். பச்சையாக ஒன்று இருந்ததோ?

மறுநாள் மதிய இடைவேளையில் முதல் கதவிலிருந்து தொடங்கினாள். வேலைக்கென்று நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி உண்டு. அதை இறக்கிக்கொண்டு போனைப் பார்த்தாள். மரக்கதவு. தகரக் கதவு. ஆணியில் மாட்டிய பூட்டு. சாயம் உரிந்த இடத்தில் அடியில் இருந்த பழைய சாயம். பத்துக் கதவு பார்ப்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. இத்தனை நாள் ஒரு கதவுக்கு அவள் கொடுத்த நேரம் இரண்டு வினாடி.

நான்காம் நாள் முப்பத்தோராம் கதவு வந்தது. நீலம். வாசற்படியில், ஓரமாக, விரல்நகம் அளவுக்கு ஒரு டம்ளர். டம்ளருக்குள் ஏதோ கிடந்தது. பெரிதாக்கினாள். பூதக்கண்ணாடியைச் சரிசெய்தாள்.

பல்செட்.

எந்தப் பல்செட்டிலும் ஒரு கோரைப்பல்லை இம்மியளவு சாய்த்து நடுவது அவள் பழக்கம்; வரையும்போதும் அப்படியே. வரிசை ஒரேயடியாக நேராக இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அவள் முதலாளிக்கே இது தெரியாது. டம்ளரில் கிடந்த அந்த எள்ளத்தனை பல்லில் சாய்வு இருந்தது. நிழல் சரியான பக்கம் விழுந்திருந்தது.

தேதியைப் பார்த்தாள். அதற்கு முந்தைய வாரம்தான் அவள் டம்ளரில் கிடக்கும் பல்லை வரைந்து போட்டிருந்தாள்.

முப்பத்திரண்டாம் கதவு. கைப்பிடியில் ஒரு பை. பையிலிருந்து எட்டிப் பார்த்தது ரொட்டியின் மாவு உருண்டை, மலை மாதிரி. முப்பத்து மூன்று: மிதியடியில் ஒரு ஜோடிக் கால் தடம், இடது கால் வெளியே திரும்பியது. ஊசி வரைந்த கிழவரின் கால். முப்பத்து நான்கு: கதவின் அடிச் சந்தில் பூனை வால்.

வாரம் ஒருவர். முந்தைய வாரம் அவர்கள் போட்டதை எடுத்து, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல, மூடிய கதவுக்கு முன்னால் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அந்த நீலக் கதவுக்கு என்ன பின்னூட்டம் போட்டிருக்கிறாள் என்று பார்த்தாள். எண் நான்கு. ‘ஒளியும் நிழலும் கொஞ்சி விளையாடுகின்றன.’

கடைவாய் கத்திவிட்டாள். பெரியவர் கையிலிருந்த பல்செட் கீழே விழுந்தது, நல்லவேளை, உடையவில்லை.

"ரொட்டி!" என்றாள் போனில். "முப்பத்திரண்டாவது கதவைப் பாருங்க. கைப்பிடியப் பாருங்க!"

அங்கே தட்டு நகரும் சத்தம். "என் மாவு," என்றார் ரொட்டி. "அன்னிக்கு மாவு புளிச்சு ஒரு பக்கம் தொங்கிப் போச்சு. அதையும் போட்டிருக்காரு மேடம்."

அந்த வாரம் கூட்டத்தில் ஒரே அமளி. ஆளாளுக்குப் பூதக்கண்ணாடி வாங்கினார்கள். கிளார்க்கு தன் கணக்கில் பதினொரு பூனைகள் இருப்பதாகவும் இதுவரை யாருக்கும் இத்தனை கிடைக்கவில்லை என்றும் அறிவித்தார். அதில் இரண்டு பூனையே இல்லை, துடைப்பம் என்று ஊசி நிரூபித்தாள். நிரூபித்துவிட்டு, ஒரு கதவருகே தன் நோயாளியின் ஒற்றைச் செருப்பைக் கண்டுபிடித்து அழுததாக அவளே எழுதினாள்.

கதவுகளின் கீழே புதிதாகப் பின்னூட்டங்கள் வரத் தொடங்கின. கடைவாய் தன் கோப்பைத் திறக்கவில்லை; அதில் எதுவும் பொருந்தாது. எப்படிப் பாராட்டுவது என்று தெரியாமல், பார்த்ததை எழுதினாள். ‘கதவு 31: கோரைப்பல் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தது நீங்கள் ஒருவர்தான்.’ ‘கதவு 90: பூட்டைச் சுற்றி மட்டும் சாயம் தேய்ந்திருக்கிறது. சாவித் துவாரம் தேடித் தடவிய கை.’ ‘கதவு 144: இதில் யாருடைய பொருளும் தெரியவில்லை. அரைமணி நேரம் தேடினேன். எனக்குக் கோபம்.’

பதில் இல்லை.

"அவரு நம்ம எல்லார் வாசல்லயும் எதையோ வச்சுட்டுப் போயிருக்காரு," என்று ஊசி ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "நம்ம வாசல் எப்படி இருக்கும்னுகூட அவருக்குத் தெரியாது. வர்ற திங்கள் ஆளுக்கொரு கதவு வரைவோம். நம்ம கதவு. திறந்து வச்சு."

கடைவாய் கதவு வரைந்தவள் இல்லை. கூடத்தின் பின்கதவை வரைவதென்று முடிவு செய்தாள். பிளாஸ்டர் தூள் படிந்த படி, பாதி திறந்த பலகை, வாசலில் ஒரு டம்ளர் டீ. டீ அவருக்கு. நான்கு நாள் பிடித்தது. நிழலுக்காகச் சாப்பாட்டு மேஜையில் விளக்கை ஒரு புத்தகத்தின் மேல் நிறுத்தி, முன்னால் டம்ளரை வைத்துப் பார்த்து வரைந்தாள். வீட்டில் மூன்று நாள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"அண்ணி, இது கதவா? பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு."

"போடி."

திங்கள்கிழமை இருபத்திரண்டு கதவுகள் திறந்தன. செவ்வாய் காலை வரை ஒன்றுமில்லை. நாத்தனார் முழு டீயையும் அண்ணிக்கே விட்டுவிட்டுப் போனாள்.

பதினொரு மணி இருக்கும். மெழுகில் ஆறாவது பல்லை வைத்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. கை துடைக்காமலே எடுத்தாள்.

தாழ்ப்பாள்: ‘கீல் இருக்கும் பக்கத்திலேயே தாழ்ப்பாளையும் வரைந்திருக்கிறீர்கள். இந்தக் கதவைத் திறந்தது யார்? எப்படி?’

கடைவாய் எழுந்து பின்கதவுக்கு ஓடினாள். பத்து வருடமாகத் திறந்து மூடும் கதவு. கீல் இடப்பக்கம். தாழ்ப்பாள் வலப்பக்கம். வேறு எப்படி இருக்கும்? நெற்றியில் அடித்துக்கொண்டாள். முகமெல்லாம் மெழுகு.

திரும்பி வருவதற்குள் போன் துள்ளிக்கொண்டிருந்தது. ‘என்னைத் திட்டிவிட்டார்!’ என்று ரொட்டி. அவர் கதவுக்குக் கைப்பிடியே இல்லையாம். ‘எப்படி உள்ளே போகிறீர்கள், தட்டித் தட்டியா?’ ஊசியின் கதவு நிலையைவிட அகலம். கிளார்க்குக்கு ஒரே வரி: ‘இது பூனை. கதவு எங்கே?’ கிளார்க்கு அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார், பரிசு வாங்கியவர்போல.

கடைவாய் உட்கார்ந்தாள். நீளமாக என்னென்னவோ எழுத நினைத்தாள். நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

‘டம்ளரின் நிழல்?’

மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின. பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

‘நிழல் சரி.’

அந்த வரியை மறுபடி படித்தாள். எதிர் மேஜையில் மெருகு போடும் சத்தம் நின்றிருந்தது.

"என்னம்மா, தனியா சிரிக்கறே? ரொட்டியா?"

"இல்லைங்க. தாழ்ப்பாள்."

பெரியவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.